ஈர இரும்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு இடம் மாறித்தான் விழும். பத்தாவது படிக்கும் மூத்த மகள் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, மற்றதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். நான் எழுதப்போவது ஒரு வாட்ச்மேன் மேல் விழுந்த பழியைப் பற்றி. அந்தப் பழி என் மேல் விழுந்திருக்க வேண்டியது.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வண்டிகளுக்கான பாகங்களைக் கடைந்து தருகிற இடம். இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க வெள்ளையாக ஒரு தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் கலந்த அதைக் கூலண்ட் என்பார்கள். பார்க்கப் பால் போலவே இருக்கும். கடைந்து விழும் சுருளும் தூளும் அந்தப் பாலில் ஊறி, சொதசொதவென்று தள்ளுவண்டியில் என்னிடம் வரும். அதைப் பிழிந்து எடுப்பது என் வேலை.

பிழியும் மிஷின் என்பது ஒரு பெரிய தொட்டி. உள்ளே, சுற்றிலும் துளை போட்ட ஒரு கூடை. ஈரச் சுருளைக் கூடையில் வாரிப் போட்டு, மூடியைப் பூட்டி, ஸ்விட்சைத் தட்டினால் கூடை சுற்றும். சுற்றுகிற வேகத்தில் தண்ணீரும் எண்ணெயும் துளை வழியாகத் தெறித்துக் குழாயில் இறங்கும். முதலில் கொட்டும், பிறகு நூலாக விழும், பிறகு சொட்டும். சொட்டு நின்றதும் திறந்து, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். உள்ளங்கை பளபளத்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி சுற்ற வேண்டும். கறுப்பு மட்டும் ஒட்டினால் போதும். பிறகு அள்ளிக்கொண்டுபோய்ப் பின்னாலிருந்த தகர ஷெட்டில் கொட்டுவேன். பழைய இரும்பு வாங்குகிறவர் லாரி கொண்டுவரும்வரை அங்கே கிடக்கும்.

எல்லோரும் என்னைப் பால்காரர் என்று கூப்பிட்டார்கள்.

"இன்னா பால்காரரே, எருமை இன்னிக்கு எத்தினி லிட்டரு கறந்துது?"

நான் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வேன். பதில் சொல்ல வராது. நாலு பேர் பார்க்கும்போது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே, மிஷின் சத்தத்தில் யாரும் என்னோடு பேச முடியாது என்பதுதான்.

நானாகப் போய்ப் பேசிய ஒரே ஆள் வாட்ச்மேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கேட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு பையன்களோடும் இருந்தார். சாப்பாட்டு மணியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். அவர் பீடி பிடித்துக்கொண்டே ஊர்க்கதை சொல்லுவார். நான் பேசாததை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

ஈரத்தோடு குவித்து வைத்த இரும்பு தானாகச் சூடேறும். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. ஒரு சனிக்கிழமை கரண்ட் போய், பிழியாத குவியல் அப்படியே கிடந்தது. திங்கட்கிழமை கையை விட்டேன், உள்ளே சோற்றுப் பானை போலக் கொதித்தது. துருப் பிடிக்கும்போது இரும்புக்குச் சூடு வருகிறது. மேலே எண்ணெய் வேறு இருக்கிறது. அன்றிலிருந்து ஈரத்தைக் குவிக்கவே மாட்டேன், பிழியாவிட்டால் தரையில் பரப்பிவிடுவேன். ஏன் பரப்புகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, ஆயுத பூஜை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை, சனி ஞாயிறு லீவு. காலையிலிருந்தே எல்லா மிஷினையும் கழுவித் துடைத்தார்கள். வருஷம் முழுக்கத் தொட்டி அடியில் தங்கிய கசடெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். நான் மதியம்வரை விடாமல் பிழிந்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஆறு வண்டி ஈரச் சுருள் வரிசையாக நிற்கிறது. என் மிஷினோ துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டுத் தயாராக இருந்தது. பேக்கிங்கில் வேலை செய்த ஒரு அக்கா கடைசிப் பொட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

பொட்டு வைத்த மிஷினைப் பூஜை முடியாமல் ஓட்டக்கூடாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "அதுக்கென்ன, ஓட்டிட்டு வா, திரும்ப வெக்கறேன்" என்றுதான் அந்த அக்கா சொல்லியிருப்பார். நல்ல மாதிரியானவர். ஆனால் நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். போன வருஷம் பூஜை சமயத்தில் என்னைப் பார்த்து ஒருத்தர், "பொட்டு வெச்சா பால்காரரு வேலைக்கு வர மாட்டாரு, பாத்துக்க" என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது எனக்குள் கிடந்தது. இப்போது நான் பொட்டை எடுக்கச் சொன்னால் வேறு மாதிரி நினைப்பார்களோ என்று நின்றேன்.

ஃபோர்மேன் வந்தார். "இன்னாய்யா நிக்கற? மொதலாளி வர்ற நேரம். ஷெட்டுல தள்ளி கதவ சாத்து."

"சார், இது ஈரம்..."

"ஈரம்னா இன்னா, தண்ணிதானே. காஞ்சிடும். தள்ளு."

பரப்ப இடமில்லை. முன்பே கிடந்ததன் மேல் ஆறு வண்டியையும் கொட்டினேன். ஆள் உயரத்துக்கு வந்தது. கதவைச் சாத்தினேன். திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாகப் பிழிந்துவிடலாம் என்று நினைத்தேன். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே கூட்டம். ஷெட்டும் அதை ஒட்டிய பேக்கிங் கொட்டகையும் ஞாயிறு ராத்திரி தீப்பிடித்துக் கரியாகக் கிடந்தன. மரப்பெட்டி, அட்டை, அனுப்பத் தயாராக இருந்த சரக்கு எல்லாம் போயிருந்தது. வாட்ச்மேன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பீடி பிடிப்பியா?"

"பிடிப்பேன் சார்."

"ஷெட்டாண்ட போனியா?"

"ராவுல மழ சார். கொஞ்ச நேரம் தாவாரத்துல ஒதுங்கினேன்."

"அங்க பீடி பிடிச்சியா?"

"பிடிச்சேன். அணைச்சிட்டுதான் சார் போட்டேன். காலால தேச்சேன்."

அதோடு முடிந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். பிறகு பின்பக்கமாகப் போய்க் குவியலைப் பார்த்தேன். மேலே நனைந்திருந்தது. கம்பியால் கிளறினேன். நடுவில் இரும்பு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, இன்னும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பீடி நெருப்பு ஆள் உயரக் குவியலின் நடுவயிற்றுக்குள் போகாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

ஃபோர்மேனிடம் போக நாலு தடவை அடி எடுத்து வைத்தேன். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். மூத்தவளுக்கு ஆறு வயது. சொன்னால் வேலை போகும் என்ற பயம்தான் பெரிது. இவ்வளவு நேரம் என் கூச்சத்தைப் பற்றித்தான் எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை இருந்தது கூச்சம் இல்லை, பயம்.

வாட்ச்மேனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அன்று சாயங்காலமே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு மீன்பாடி வண்டியில் பாத்திரமும் பாயும் ஏற்றினார்கள். நான் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன். அவர் என் தோளில் தட்டி, "வர்ட்டா நைனா, உடம்ப பாத்துக்க" என்றார்.

பெரிய கம்பெனியையே கொளுத்தியவர் என்று பேர் ஆகிவிட்டதால் எஸ்டேட்டில் வேறு எவரும் அவரை வாட்ச்மேனாக வைத்துக்கொள்ளவில்லை. பூந்தமல்லியில் மூட்டை தூக்கினார். நான் சாமான் வாங்க அங்கே போவதுண்டு. தூரத்தில் அவரைப் பார்த்தால் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். ஒருநாள் அப்படி நின்றபோது, ஒருவர் அவரிடம் தீப்பெட்டி கேட்பதைக் கண்டேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "நான் தொடறதில்லப்பா" என்று விலகிப் போனார்.

பல வருஷம் கழித்து மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தை ஒப்புக்கொண்டேன். "என்கிட்ட சொன்னது சரி. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரிக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓலை வீடு. அவர் கட்டிலில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மனைவி ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்.

"பால்காரரா? வா நைனா, குந்து. தலயெல்லாம் நரைச்சிக்கிச்சே உனுக்கு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, ஆறு வண்டி, குவியல், நடுவில் இருந்த சூடு. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் முழுக்கக் கேட்டார்.

"தண்ணில ஊறுன இரும்பு எப்டி நைனா எரியும்? தண்ணி ஊத்துனா நெருப்பு அணையும். கொயந்தைக்குக் கூட தெரியும்."

"இல்லண்ணே, அது தானா சூடு ஏறும்ணே."

"அணைச்சேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். அப்பால யோசிச்சி யோசிச்சி பாத்தேன். சரியா அணைக்கல போல. எம்மாம் பேரு பொயப்பு அது. நீ நல்ல மன்சன், எம் பாவத்த உன் தலைல போட்டுக்காத."

அவர் தன்னையே குற்றவாளியாக நம்பிவிட்டிருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், அடிப்பார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் கேட்டுவிட்டு ஒரு சாக்கு நிறைய ஈரச் சுருள் எடுத்துவந்து வீட்டுப் பின்புறம் வைத்தேன். காலையில் கை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. சந்தோஷமாகச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆவடி வழியாக மிதித்தேன். வழியெல்லாம் காற்று. ஒரு சாக்கு இரும்புக்குச் சூட்டைப் பிடித்துவைக்கும் அளவுக்கு உடம்பு இல்லை. அது மலை போலக் குவிந்தால்தான் நடக்கும். போகும்போது அது என் புத்தியில் ஏறவில்லை.

சாக்கைக் கட்டில் பக்கத்தில் இறக்கி வாயை அவிழ்த்தேன். அவர் முழங்கைவரை கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"சில்லுனு கீது நைனா" என்றார்.

நானும் விட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

"எனுக்கோசரம் இத்தினி தூரம் மிதிச்சிகினு வந்தியே, அதே போதும்" என்று எண்ணெய்க் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது அந்தச் சாக்கைக் கால்வாய் ஓரம் கொட்டிவிட்டு, சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இந்த ஆடி மாதம் அவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். ஆட்கள் கலைந்த பிறகு அவர் மனைவியிடம் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது. பழைய சிநேகிதன் வந்து போனான் என்று மட்டும் வாட்ச்மேன் சொல்லியிருந்தாராம். இவரும் நம்பமாட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் தலையாட்டினார்.

"மழ காலத்துல பசங்க துணிய அந்த ஷெட்டு தகரத்து மேலதான் போடுவேன். சுருக்கா காஞ்சிடும். தகரம் சுடும். ஏன் சுடுதுன்னு ஒருநாளும் நான் ரோசிச்சதில்ல" என்றார். நான் பிழிந்துபோட்டதிலும் கொஞ்சம் ஈரம் மிஞ்சத்தான் செய்யும், அந்தச் சூடுதான் தகரத்தில் ஏறியிருக்கும். பிறகு அவர், "நான் ஊட்ல இருக்கசொல்ல வந்திருக்கக் கூடாதா? நான் சொல்லியிருந்தா அது நம்பியிருக்கும்" என்றார்.

நான் புறப்பட எழுந்தேன்.

வாசலுக்குப் போகும்போது கூப்பிட்டார். "வாயால சொல்லிட்டுப் போனா காத்தோட போயிடும். எழுதிக் குடு. பசங்க அப்பன் கொளுத்தினான்னு கேட்டு கேட்டே வளந்துதுங்க. படிக்கட்டும்."

அதற்காக எழுதினேன். ஒரு நகல் அவர்களுக்கு, ஒரு நகல் ஃபோர்மேன் மேஜையில் நாளைக்கு வைப்பேன்.

1997 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.