தொட்டியில் குறைந்த தண்ணீர்

என் அத்தை யாரையும் நம்பமாட்டார். காய்கறிக்காரரின் தராசைத் தட்டிப் பார்ப்பார், பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெருவில் அவருக்குத் 'துப்பறிவாளர்' என்று பட்டப்பெயர். அதை வைத்தது யார் என்று ஒரு மாதம் விசாரித்தார்.

அத்தையின் கணவர் இறந்த பிறகும் அத்தையும் அவருடைய நாத்தனாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மொட்டைமாடியில் எட்டுத் தொட்டிகளில், மண்ணே இல்லாமல் லெட்யூஸ் கீரை வளர்த்தார்கள். மூடியின் துளைகளில் செடி நிற்கும், வேர் உரத் தண்ணீருக்குள் தொங்கும்.

நட்ட பத்தாம் நாள் மூடியைத் தூக்கினால், தண்ணீர் நாலு விரல் குறைந்திருந்தது. நாத்தனாரின் ஜன்னலில் இருந்த பூச்செடியோ தளதளவென்று நின்றது. போதாதா?

"நம்ம உரத்தண்ணியத்தான் மொண்டு ஊத்துறா. எனக்கா தெரியாது?" என்று என் காதைக் கடித்தார்.

அன்றே ஏழு தொட்டிகளை விளிம்புவரை நிரப்பி, உள்ளே மார்க்கரால் கோடு போட்டார். தினமும் காலையில் கோடு வரை ஊற்றினார். எட்டாவது தொட்டியை மட்டும் நிரப்பாமல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். கை வைத்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாமாம்.

இரண்டே வாரத்தில் ஏழு தொட்டிச் செடிகளும் துவண்டன. வேர்கள் அழுகி, வழவழத்து, நாறின.

"விஷத்த கலந்துட்டியேடி!" என்று அத்தை கத்தினார். நாத்தனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அத்தைமேல் அப்படி ஒரு எரிச்சல்.

தொட்டி விற்றவரைக் கூப்பிட்டோம். பிரியாமல் இருந்த டேப்பை அவரே கிழித்து எட்டாவது தொட்டியைத் திறந்தார். தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருந்தது. செடி கொழுகொழுவென்று இருந்தது. தண்ணீருக்கு மேலே தொங்கிய வேர்கள் வெள்ளைவெளேரென்று இருந்தன.

"செடி குடிச்சுத்தாம்மா தண்ணி குறையுது. குறையக் குறைய உள்ள காத்துக்கு எடம் கெடைக்கும். மேல தொங்குற வேர் அதுலதான் மூச்சு விடும். நீங்க திரும்பத் திரும்ப நிரப்பி, அத மூச்சுத் திணற வெச்சுட்டீங்க."

அத்தை கிழிந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கீழே வந்து நாத்தனாருக்குப் போன் போட்டார்.

"யாரும் எடுக்கல. நான்தான் கொன்னேன்."

"பதினெட்டு வருஷம் அண்ணி. பழி போட்டிருக்கீங்க, வேவு பாத்திருக்கீங்க. ஒரு தடவையாவது என்கிட்ட எதையாவது கேட்டிருக்கீங்களா?"

அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். வீட்டுக்கு வர்றியா?"