எஸ் பகுதி காலனியில் இருந்தது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கை கோணலாக ஓடும். சொல்ல வந்ததில் பாதி மறந்து போகும். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் தரையைத்தான் பார்ப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் என்னைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள்... ஏனென்றால் விஷயம் இங்கிலீஷ்.

என் தம்பியின் சம்பா வயலில் களை எடுத்த பெண்கள், கொஞ்ச நாளைக்கு முன்னால், இங்கிலீஷில் கத்தினார்கள்.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

எங்களுடைய வெல்லம் காய்ச்சும் கொட்டகை, கரும்பு நேராக ஆலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து சும்மா கிடந்தது. அதில் இப்போது ஒரு டியூஷன் நடக்கிறது. பிளஸ் டூ இங்கிலீஷில் பெயிலான பிள்ளைகள், ஏழெட்டுப் பேர். சொல்லிக்கொடுப்பவர் ஜெயபால் சார். திருக்கோவிலூர்க்காரர். பி.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருக்கிறார். தினமும் பஸ்ஸில் வருவார்.

சாரிடம் இருந்தது ஒரே ஒரு டிக்‌ஷனரி. செங்கல் கனம். யாரிடம் கொடுப்பது? யோசித்துப் பார்த்துவிட்டு, கரும்பு வெட்டும் கத்தியை வாங்கி அதன் முதுகைப் பிளந்துவிட்டார்! துண்டு துண்டாகப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"அவங்கவங்க எழுத்துக்கு அவங்கவங்கதான் வாத்தியாரு. நீ சொல்லித் தரலன்னா மத்தவனுக்குத் தெரியாது. மத்தவன் சொல்லலன்னா உனக்குத் தெரியாது" என்றார்.

தம்பி மகள் தனத்துக்கு வந்தது எம் பகுதி. காலனியிலிருந்து வரும் அமுதாவுக்கு எஸ். இருப்பதிலேயே அதுதான் குண்டு.

"எனக்கு மட்டும் இன்னா சார் அரிசி மூட்ட?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

அப்புறம் எங்கள் சாதிக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது. சார் வரவில்லை.

என் தம்பி போராட்டத்தில் முன்னால் நிற்கிறவன். அவனைத் தப்பு சொல்லமாட்டேன். மகளுக்குக் காலேஜில் சீட் கிடைக்க வேண்டும் என்றுதான் கோடாலியைத் தூக்கினான். ஆனால் மரம் சாய்ந்த அன்றைக்கே ஊருக்கும் காலனிக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. கை கலக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டியூசன் கியூசன் ஒண்ணும் வாணாம். இங்க கீற புள்ளைங்க அங்க போவக் கூடாது. அதுங்க இங்க வரக் கூடாது."

"பரீட்ச வருதுப்பா" என்றாள் தனம்.

"புக்கு இல்லியா உங்கிட்ட?"

"எம் மட்டுந்தான்பா கீது."

"மீதிய வாங்கித் தரேன்."

"எந்தக் கடைலப்பா? சங்கராபுரமே மூடிக் கெடக்குது. நீங்கதான மூடனீங்க?"

அவன் உள்ளே போய்விட்டான். தனத்துக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தத் தடவையும் பெயிலானால் தாய்மாமனுக்குக் கட்டிவிடுவது என்று வீட்டில் பேச்சு. அமுதாவுக்கு அந்தப் பேச்சுகூட இல்லை — நேராகக் கரும்பு வெட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ரோட்டைத்தான் மூடினார்கள். வரப்பை மூடவில்லை. காலனிப் பெண்கள் எப்போதும்போல வரப்பு வழியாகத் தம்பி வயலுக்குக் களை எடுக்க வந்தார்கள். அதை யார் மறிப்பது? மறித்தால் நெல்லுக்கு எங்கே போவது?

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று, அமுதாதான் அந்த வாரம் களைக்கு வந்தாள்.

களைப் பெண்களுக்குக் கூழ் கொண்டுபோவது என் வேலை. எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. "தனம், பானைய நீ தூக்கிக்கினு போ. நான் பின்னாலயே வரேன்" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

பானையோடு எம் பகுதியும் போயிற்று. எஸ் பகுதி ஒரு பழந்துணியில் சுற்றி, மோட்டார் கொட்டகை நிழலில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

களை எடுக்கும்போது ஒருத்தி பாட்டெடுத்தால் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அன்றைக்குப் பாட்டுக்குப் பதில் அமுதா வார்த்தையை எடுத்தாள். தனமும் பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். சேர்ந்து களைக்கு வரும் அந்தச் செட்டில் மூத்தவள் முனியம்மா. அவள் வாய் சும்மா இருக்குமா? வேலை என்றால் வெர்ப், குணம் என்றால் அட்ஜக்டிவ் என்று அமுதா முதலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"ஸ்க்ரூட்டினைஸ்!"

"அது இன்னாடி, வேலையா, பொருளா?"

"உத்து உத்துப் பாக்கறது அத்த."

"அப்ப வேல. வெர்பு!"

வரிசை முழுக்க, "வெர்ப்பூ..."

"ஸ்டபர்ன்!"

"இன்னா அர்த்தம்?"

"எவ்ளோ சொன்னாலும் கேக்காத ஆளு எப்படி இருப்பாங்க, அப்டி."

முனியம்மா நிமிர்ந்து வரப்பைப் பார்த்தாள். "அட்ஜக்டிவு... தோ, அதுவே வருது பாரு."

வந்தது என் தம்பி.

சிரிப்பு நின்றது. அவன் மகளையும் பார்த்தான், அமுதாவையும் பார்த்தான். "ஏ பொண்ணு, நீ மேல வா. நாளைலேருந்து உங்கம்மாவ வரச் சொல்லு" என்றான்.

அமுதா காலைக் கழுவாமல் வரப்பில் ஏறினாள். அவள் பின்னால் முனியம்மா ஏறினாள். அப்புறம் அடுத்தவள். ஒவ்வொருத்தியாக வரிசை முழுக்க ஏறி நின்றது. வயலில் பாதிக்கு மேல் கோரைக் களை அப்படியே நிற்கிறது.

"நான் அவள மட்டுந்தான கூப்ட்டேன்?"

"ஒரே செட்டுங்கய்யா" என்றாள் முனியம்மா. "ஒருத்தி ஏறனா எல்லாருந்தான் ஏறணும். உங்கப்பா இருக்க சொல்லவே அப்டித்தான. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைசியாக ஏறியவள் தனம்.

"நீ இன்னாடி, நீயும் செட்டா?"

"கொஸ்டின் பேப்பர் ரெண்டு தெருவுக்கும் ஒண்ணுதாம்பா. அவகிட்ட கீற வார்த்த எனக்கு வேணும். எங்கிட்ட கீறது அவளுக்கு வேணும். அப்புறம் நீங்க வாங்கித் தர சீட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூழ்ப் பானையைப் பார்த்தேன். எனக்கு அதுதான் வரும்.

அவன் கோரையைப் பார்த்தான். பிறகு, "எறங்குங்க எல்லாம். வேலையப் பாருங்க" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். "களை முடிஞ்சா வெல்லக் கொட்டாய்லயே உக்காந்து படிங்க. ரோட்டு வழியா வர வாணாம். வரப்புலயே வாங்க."

ரோட்டில் அவனுக்கு ஒரு முகம் வேண்டுமே! நானும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. சீட் கேட்டு ரோட்டுக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. அந்த சீட்டில் போய் உட்காருவதற்கு என்னென்ன வேண்டும் என்பது சேற்றில் நின்றால்தான் தெரிகிறது போல.

ரோடு திறந்தது. சார் வந்தார். இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் போய்ப் பரீட்சை எழுதினார்கள்.

இன்று காலை ரிசல்ட் பேப்பர் வந்தது. தனத்தின் நம்பர் இருக்கிறது. அமுதாவின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பிவிட்டது — கடைசி இலக்கம் மூன்றா, எட்டா? மூன்று என்றால் பாஸ். எட்டு என்றால் வேறு யாரோ. அமுதாவும் முனியம்மாவும் வெல்லக் கொட்டகை வாசலிலேயே நிற்கிறார்கள். வேறு பேப்பர் பார்க்க சங்கராபுரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போன தம்பி இன்னும் வரவில்லை.

இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் எப்படியும் தெரிந்துவிடும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அமுதாவின் நம்பரைப் பத்திரிகை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதிய இங்கிலீஷ் வார்த்தைகள் சரியா, எது வெர்ப், எது அட்ஜக்டிவ் என்பதையெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் யாராவது நிதானமாகச் சரிபாருங்கள்.

முதலில் அந்த நம்பரைப் பாருங்கள்.