யோசல் போன வழி

பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் ஐந்து மலையூர்களையும் ஒரே சீட்டில் சுற்றிவர வைத்த நாற்காலி லிஃப்டின் உச்சி நிலையத்தில், இருபத்தாறு வருஷமாக ஆள் இறக்கிவிடுபவர் கசியான். யாராவது இடறினால் கை தானாக நிறுத்துப் பொத்தானுக்குப் போய்விடும்.

அங்கிருந்து இடதுபக்கம் இறங்கும் சரிவு ஒருகாலத்தில் அவர்கள் வீட்டுப் புல்வெளி. கோடையில் அறுத்த புல்லை மேலே கொட்டகையில் அடைத்துவைத்து, பனி இறுகியதும் சறுக்குக்கட்டையில் கட்டி இறக்குவார்கள். முன்னால் நின்று குதிகாலை ஊன்றுகிறவன்தான் அதற்குப் பிரேக். ஒரு பிப்ரவரி காலையில் அது கசியானின் முறை. பல்வலி என்று படுத்துவிட்டார். பதினேழு வயசுத் தம்பி யோசல் முன்னால் நின்றான். சுமை அவனை மீறிவிட்டது. பாறைக்குக் கீழே புல்லைத் தோண்டித்தான் அவனை எடுத்தார்கள்.

அன்றிலிருந்து ஊருக்குள் அந்தச் சரிவு 'யோசல் போன வழி'.

போன வசந்தத்தில் லிஃப்ட் அலுவலகத்துப் பெண் ஒருத்தி நோட்டோடு வந்தாள். சரிவுகளுக்கு எண் போதாதாம், ஊர்ப்பெயர் வேண்டுமாம். கேட்டாள், வாயில் கிடந்ததை இவர் சொல்லிவிட்டார். 'போன' என்பதை அவள் சறுக்கிப் போனதாகவே எழுதிக்கொண்டாள்.

டிசம்பரில் பலகை நட்டார்கள். அதில் சறுக்குக்கட்டையில் சிரிக்கும் குண்டுப் பையன் படம். கீழே, 'யோசல் போன வழியில் நீங்களும் போங்கள்!'

அதைப் பார்த்துவிட்டு வந்த அக்கா நொட்புர்கா ரொட்டியை அறுக்காமலே மேசையில் வைத்தாள்.

"யாருடா சொன்னது?"

"கேட்டா. சொல்லிட்டேன்."

"அன்னிக்கு வலிச்ச பல்லு இன்னிக்கு நல்லாப் பேசுது! அந்தப் பேர எடுக்கிறவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத."

கசியான் நிலையத்து அறையிலேயே படுத்துக்கொண்டு, மறுநாள் லிஃப்ட் மேலாளர் மட்டியாஸிடம் போனார். அவன் மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரன்.

"வரைபடம் ரெண்டு லட்சம் அச்சாயிருச்சுண்ணே."

"அவன் அங்க செத்தான்யா."

மட்டியாஸ் பேனாவை மூடினான். "சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா வர்றவங்களுக்கும் தெரியாதுல்ல? அப்புறம் யாருக்கு என்ன குறை? சரி, உங்க ஊர் விடுதிக்காரங்க எல்லாரும் வேணாம்னு கையெழுத்துப் போட்டா எடுத்துடறேன்."

விடுதி பதினொன்று. முதலில் அல்போன்ஸிடம் போனார். யோசலைத் தோண்டி எடுத்த கைகளில் அவனுடையதும் உண்டு.

"பாவந்தான் கசியான்," என்றான் அல்போன்ஸ், கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "ஆனா நம்ம பக்கம் கூட்டம் திரும்பினதே இந்த வருஷந்தான். யோசல் இருந்திருந்தா அவனும் விடுதிதான்டா வச்சிருப்பான்."

காகிதம் வெள்ளையாகவே திரும்பியது. மற்ற பத்துப் பேரும் அல்போன்ஸ் போட்டானா என்றுதான் கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம் கடைசி நாற்காலி இறங்கியதும் கசியானே பலகையைக் கழற்றினார். மூன்றாம் நாள் புதியது வந்தது. பழையதைவிடப் பெரியது. யாரோ ரசிகர் ஞாபகார்த்தமாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்று அலுவலகத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம்.

அந்தப் பலகையைத் தட்டியபடி சிவப்புத் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் கேட்டாள்: "யோசல் எங்க போனாரு?"

"கீழதாம்மா. இடதுபக்கம்."

அவள் சிரித்தபடி கோலை ஊன்றி உந்தினாள்.

"குதிகால நல்லா ஊனிக்க," என்றார் கசியான்.

அதற்குள் அவள் பாறை ஓரமாக வளைந்து, கூப்பிடு தூரம் தாண்டியிருந்தாள்.