சந்தனம் பட்ட வட்டு

ஈசூன் நகரில் எங்கள் அடுக்ககத்துக்குக் கணினி வந்த மறுநாள் சரசுவதி பூசை. மகள் நிரல் எழுதிப் பழகுவதற்காக, செம்பவாங் கப்பல் பட்டறையில் கணினிப் பணியாற்றிய அண்டைவீட்டு மேரியம்மா, தம்மிடமிருந்த ஒரே ‘பேசிக்’ நிரல்மொழி நெகிழ்வட்டை (ஃபிளாப்பி) இரவல் தந்திருந்தார். அஃதின்றிக் கணினி இயங்காது. பூசையில் நூல்களோடு அவ்வட்டையும் வைத்து, அதன் உறையில், உள்வட்டு தெரியும் திறப்பின்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டேன்.

“ஐயோ அப்பா! அங்கதான் மெஷின் படிக்கும்! ஆண்ட்டிகிட்ட இனி என்ன சொல்றது?” என்று மகள் கண்கலங்கினாள்.

நானே சென்று, தலைகுனிந்து வட்டை நீட்டினேன். மேரியம்மா சிரித்துவிட்டார்.

“பொட்டு அழகா இருக்கு சார்! கவலப்படாதீங்க, பாக்கலாம் லா.”

உறையின் விளிம்பைக் கத்தரித்து, உள்ளிருந்த மெல்லிய வட்டைக் குழாய்நீரில் கழுவினார். நன்கு உலர்த்தி வேறோர் உறையில் செருகி, எங்கள் இல்லம் வந்து கணினியில் இட்டார். திரையில் எழுத்துகள் தோன்றின; மகள் துள்ளினாள்.

வெட்கத்தில் பழைய உறையைக் குப்பையில் எறியப் போனேன். கழுத்தில் சிலுவை அணிந்த அவ்வம்மையார் என் கையைத் தடுத்தார்.

“போடாதீங்க சார். சாமிக்கு வச்சதாச்சே.”

அவ்வுறை இன்றும் என் பூசை மாடத்தில் இருக்கிறது. விளக்கேற்றும்போது, கலைமகளுக்கு முன்னதாக மேரியம்மாவின் முகமே நினைவில் எழுகிறது.