திராட்சைக்குச் சாயம்

என் மனைவியின் அண்ணன் வைத்திருந்த திராட்சைத் தோட்டம் அழிந்ததற்கு நான்தான் காரணம். மழையோ நோயோ இல்லை, என் கைப்பேசியும் என் வாயும்தான். இதை உறவில் யாரிடமும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. "காலம் அப்படி ஆகிப்போச்சு, வாட்ஸ்அப்பில் எவன் எதைப் போடுகிறான் என்றே தெரியவில்லை" என்று பொதுவாகப் பேசித் தப்பித்திருக்கிறேன். போட்டவன் நான்.

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றபின் பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வகுப்பில் பேசிப் பழகிய வாய், கேட்க ஆளில்லாமல் தவித்தது. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதுவே என் வகுப்பானது. தினமும் காலையில் காப்பி குடித்ததும் எதைப் பற்றியாவது பேசிப் பதிந்து அனுப்புவேன். இப்போதைய படங்களில் கதாநாயகன் நடந்து வருவதற்கே பாதிப் படம் தீர்ந்துவிடுகிறது என்பேன். சீரியல் பெண்கள் பட்டுப்புடவையோடுதான் படுக்கிறார்கள் என்பேன். பிரியாணியை ஆறும்வரை படம் எடுத்துவிட்டு, ஆறிப்போய் இருந்தது என்று கடைக்காரனுக்கு ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள் என்பேன். கேமரா வைத்த வீட்டில் கதவைத் தட்டினால் கதவு திறப்பதில்லை, சுவர் பேசுகிறது என்பேன். இவற்றில் பலவற்றை இன்றும் நம்புகிறேன். ஆனால் நம்பியதற்காகச் சொல்லவில்லை. யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அனுப்பிய மறுநொடியே கட்டைவிரல் வந்து நிற்கும். அத்தனை நீளப் பேச்சை அதற்குள் யார் கேட்டிருக்க முடியும்?

மச்சானுக்குக் காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம். எங்கள் பக்கத்தில் மாமன் மச்சான் பேச்சு என்றாலே கேலிதான். கேலி செய்யாமல் பேசினால் ஏதோ வருத்தம் என்று வீட்டுப் பெண்கள் கவலைப்படுவார்கள். கல்யாணமான புதிதில் மாமனார் தோட்டத்துக்குப் போய், மருந்து கலக்கிறேன் பேர்வழி என்று மயில்துத்தத் தொட்டிக்குள் கையை விட்டு, நகமெல்லாம் நீலமாகத் திரும்பினேன். அன்று பந்தியில் எனக்கு மட்டும் கரண்டி வைக்கச் சொன்னார் மச்சான். "மாப்ள கைய வச்சா சோறே நீலமாயிரும்" என்றார். அதன்பின் பல வருடம் எனக்கு அந்த வீட்டில் நீல மாப்பிள்ளை என்றே பெயர். நானும் சும்மா விட்டதில்லை. அவர் வழுக்கையையும் குறட்டையையும் ஊர் முழுக்கப் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காய் பட்டாணி அளவில் இருந்தது. அடிச்சாம்பல் நோய் வராமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மச்சான் அடித்துக்கொண்டிருந்தார். பந்தல் முழுக்க இலையிலும் காயிலும் நீலத் திட்டு. பார்க்க அழகாக இருந்தது. கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே பேசினேன்: "எங்க மச்சான் திராட்சைக்குச் சாயம் போடுறாரு, நல்லாப் பாத்துக்கங்க. பழம் கறுப்பா இருக்கிற ரகசியம் இதுதான். திங்கிறவங்க ஆஸ்பத்திரியில முன்கூட்டியே பேரு குடுத்து வச்சுக்கங்க."

குழுவில் போட்டேன். முதல்முறையாக எல்லோரும் கேட்டார்கள். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. மச்சானே பதில் பேசி அனுப்பினார்: "மொதப் பெட்டி மாப்ள வீட்டுக்குத்தான். அவுக சாப்பிட்டுட்டு எந்திரிச்சாகன்னா, மிச்சத்த ஊருக்கு விப்போம்." நானும் என் மனைவியும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தோம்.

குழுவில் இருந்தவர்களுக்கு நாங்கள் யார் என்று தெரியும். அடுத்தவர்களுக்குத் தெரியாது. சில நாளில் அந்தப் படம் வேறெங்கோ சுற்றிவிட்டு என் கல்லூரி நண்பர் வழியாக என்னிடமே வந்தது. "எங்க மச்சான்" என்ற தொடக்கத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். மேலே சிவப்பில் எழுதியிருந்தது: ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் எச்சரிக்கை.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மயில்துத்தம் சாயமில்லை, பழுப்பதற்கு வெகு முன்பே அடிப்பதை நிறுத்திவிடுவார்கள், பன்னீர் திராட்சை தானாகக் கறுப்பது. எனக்கு இதைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பாடமே நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பேராசிரியர் என்று என்னை யாரும் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. நடைபயிற்சியில் முன்பின் தெரியாத ஒருவர் என் குரலை அடையாளம் கண்டு நிறுத்தி, தைரியமாகச் சொன்னீர்கள் ஐயா என்று கையைப் பிடித்தார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

பிறகு ஒரு தொலைபேசி வந்தது. யாரிடமோ என் எண்ணை வாங்கியிருந்தார். எல்லைக்கு அந்தப்பக்கத்து ஆள், பழ வியாபாரி என்றார். பாதி மலையாளம், பாதி தமிழ். "சாரே, நிங்கள் பறஞ்சது சத்தியமானோ? சாரு சொன்னா ஞான் அந்தப் பழம் வேண்டாம்னு விடும்" என்றார்.

அது கேலி, அவர் என் மச்சான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கேலிக்காகச் சொன்னேன் என்றால் பேராசிரியர் போய்விடுவார், மாப்பிள்ளை மட்டும் மிஞ்சுவார். "கண்ணால பாத்ததத்தான் சொன்னேன்" என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்த ஆள்தான் மச்சானின் தோட்டத்தில் வருடக்கணக்காகப் பழம் வெட்டி வாங்கிப்போகிறவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறுமாதிரி சொல்லியிருப்பேன் என்று எண்ணிக்கொள்ள ஆசைதான்.

காய் பழுத்தது. அவர் வரவில்லை. மச்சான் மற்ற வியாபாரிகளைக் கூப்பிட்டார். படத்தில் மஞ்சள் அடித்த அவரது மோட்டார் அறை தெளிவாகத் தெரிந்தது, அந்தத் தோட்டம் மட்டும் வேண்டாம் என்றார்கள். பன்னீர் திராட்சை காத்திருக்கிற பழமில்லை. நான் போய்ப் பார்த்தபோது பந்தலுக்குக் கீழே கால் வைக்க முடியவில்லை. புளித்த வாடை. ஈயும் குளவியும் மொய்க்க, கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. மச்சான் வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தொலைபேசி உட்பட. திட்டுவார் என்று நின்றேன். கேலியாவது செய்வார் என்று நின்றேன்.

"வெயிலா இருக்கு. வீட்டுக்குப் போங்க சார்" என்றார்.

சார். பெண் எடுத்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

பரிகாரம் என்று நான் நினைத்ததைச் செய்தேன். அதே பந்தலில் நின்று, உதிராமல் மிஞ்சிய கொத்தைப் பறித்துத் தின்றபடி, நான் சொன்னது பொய், தெரிந்தே திருத்தாமல் இருந்தேன் என்று பேசி, என் மனைவியைப் படம் எடுக்கச் சொன்னேன். குழுவில் போட்டதும் கும்பிடும் கைகள் வந்தன. வெளியே யாரும் அனுப்பவில்லை. வியாபாரியின் எண்ணுக்கு அழைத்தேன். "சாரே, ஞான் விஸ்வசிக்கும். வாங்குறவனுக்கு யாரு பறயும்?" என்றார். நாலு நாள் கழித்து யாரோ என் இரண்டு படங்களையும் ஒட்டி, முதலில் எச்சரிக்கை, அடுத்து நான் திராட்சை தின்பது, நடுவில் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம் என்று செய்து விட்டார்கள். அதுதான் பரவியது. என் பேரனுக்கும் போனது. நன்றாக எடிட் செய்திருக்கிறார்கள் தாத்தா என்றான். பொய்யைப் பேசியபோது என்னைப் பேராசிரியர் என்றவர்கள், உண்மையைப் பேசியபோது விலைபோனவன் என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மச்சானே என் உண்மையை வைத்து என்ன செய்வார்?

அடுத்த கவாத்துக்கு முன்பே மச்சான் கொடிகளை வெட்டிவிட்டார். கல்தூண்கள் மட்டும் வெறுமனே நிற்கின்றன. இப்போது அங்கே தென்னங்கன்றுகள்.

என் மனைவி மாதம் ஒருமுறை அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போகிறாள். அங்கே என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்பேன். "ஒண்ணும் பேசலங்க" என்பாள். வழுக்கையைப் பற்றியோ குறட்டையைப் பற்றியோ நான் ஏதாவது சொல்லியனுப்பினால் அதை அங்கே சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும்.

போன தையில் அவர் பேத்திக்குக் காதுகுத்து. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். பந்தியில் உட்கார்ந்ததும் மச்சானே இலையருகே வந்தார். இப்போதாவது கரண்டி கேட்பார் என்று நான் வேண்டுமென்றே வலதுகையை இலைமேல் விரித்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "சாருக்கு இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.