பட்டணத்தில் நம்ம ஊர்க்காரர் கடை

பிள்ளைகளே, எந்தப் பட்டணத்தில் என்ன இருக்கிறது என்று ஓயாமல் கேட்கிறீர்கள். நான் அதை ஒருவருக்குச் சொன்ன கதையைக் கேளுங்கள்.

சரக்கு எடுக்க அம்மையநாயக்கனூர் ரயிலடிக்கு மாட்டுவண்டியில் போனேன். கூட ஒரு ஒல்லியான மனிதர் வந்தார். அவருடைய இரண்டு கைகளிலும் பழைய தீக்காயம். ஊர் சுற்றிய பெருமையில் நான் பம்பாய்க் கப்பல்களையும் கல்கத்தா வீதிகளையும் அளந்தேன். ஒவ்வொரு ஊருக்கும் அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "அங்கன நம்ம பக்கத்து ஆளுக இருக்காகளா?"

"சென்னப்பட்டணத்துல சோத்துக்குக் கவலையே இல்லண்ணே. துறைமுகத்துக்கிட்ட நம்ம பக்கத்துக் கோம்பைக்காரர் ஒருத்தர் சாப்பாட்டுக் கடை வச்சிருக்காக. ஒரு காது அறுந்திருக்கும். நம்ம ஊருன்னா ஒரு கரண்டி கூடப் போடுவாக" என்றேன்.

"எந்தக் காது?"

"இடது காது."

அவர் கைகளைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். "எங்க வைக்கோல் படப்புக்குத் தீ வச்சவன் அவன்தான். உள்ள என் தம்பி படுத்திருந்தான். ஏழு வருசமாத் தேடுறேன்."

நான் அவர் தோளைப் பிடித்தேன். "போகாதீக அண்ணே. அங்கன அவருக்குப் பொண்டாட்டி பிள்ளைக இருக்கு."

"என் தம்பிக்கும் இருந்துச்சு. நீங்க நல்லா இருப்பீக, வழி சொன்னீகளே."

ரயிலடியில் என்னைக் கும்பிட்டுவிட்டுப் பட்டணத்து ரயிலில் ஏறினார். அப்புறம் என்ன நடந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைக்காரரை எச்சரித்து அங்கேயே ஒரு தபால் கார்டு எழுதி மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மனிதர் 'தம்பி' என்று சொன்ன குரல் என்னை விடவில்லை. திரும்பும் வழியில் வைகைக் கரையில் தனியே இறங்கி, கார்டைக் கிழித்து ஆற்றில் விட்டேன்.