வரியோடு பேரையும் எழுதியவர்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பரசுராமன் அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. "தம்பி, செத்துட்டாரு" என்றார் அண்ணி. எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்த அஞ்சலி பேனர் ஆர்டர் என்று நினைத்து, "அளவு சொல்லுங்க அண்ணி, ஆறுக்கு நாலா, எட்டுக்கு ஆறா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழுத பிறகுதான் வாயை மூடினேன்.

ஆரணியில் சாவு விழுந்த வீடுகளுக்கு அண்ணனைத் தெரியும். ஃப்ளெக்ஸ் கடையில் அஞ்சலி பேனருக்கு வாசகம் எழுதுவது அவர். கம்பத்தில் ஏறிக் கட்டுவது, அஞ்சாவதோடு படிப்பை விட்ட நான். இறந்தவர் அடிக்கடி என்ன சொல்வார் என்று வீட்டாரைக் கேட்டு, ஒரு நீள நோட்டில் எழுதுவார். பக்கத்திலேயே சொன்னவர் யார், எந்தத் தெரு, யாரிடம் சொன்னது என்பதும் இருக்கும். "அழறவங்க பேசறது எல்லா ஊட்லயும் ஒண்ணுதான்டா. செத்தவரு பேசினதுதான் வேற" என்பார். டீக்கடையில் கேட்டதையும் விடமாட்டார்.

"இன்னாண்ணா, உயிரோட கீறவனுக்கும் அட்வான்ஸா எழுதிகினு இருக்கியா?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான்டா இன்னும் ஒரு வரி தேறல. நீயும் பேசிகினேதான் கீறே."

பட்டு நெய்த ஒருவர், இழை அறுந்து மனைவி பதறும்போதெல்லாம், "அறுந்தா பிணைச்சுக்கலாம், நீ சாப்பிடு" என்பாராம். அவர் இறந்தபோது அண்ணன் அதையே பேனரில் போட்டார். பேனரை அவிழ்க்கப் போனபோது அந்த அம்மா என்னை விடவில்லை.

நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னது நான்தான். ஜல்தியாக வேலை முடியும் என்று முதலாளியிடம் பெரிய அறிவாளி மாதிரி சொன்னேன். வரிகளை ஏற்றினார்கள். "பேருங்க எதுக்குப்பா, எடத்தை அடைச்சிகினு" என்று விட்டுவிட்டார் முதலாளி. நோட்டு பழைய பேப்பரோடு போனது.

கொஞ்ச நாளில், இறந்துபோன செய்யார் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் படத்துக்குக் கீழே அந்த 'அறுந்தா பிணைச்சுக்கலாம்' வரி வந்தது. படித்துப் பார்க்காமல் நானே கட்டினேன். பட்டு நெய்தவரின் மனைவி கடைக்கே வந்துவிட்டார்.

"எங்க ஊட்டுக்காரு எனக்குச் சொன்னதுடா. யார் மூஞ்சிக்குக் கீழ கட்டியிருக்கே?"

"நல்லா இருக்குதுன்னுதாம்மா போட்டோம்" என்றார் முதலாளி.

அண்ணன் மட்டும் கைகூப்பி நின்றார். அன்றோடு கடைக்கு வருவதை விட்டார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது அண்ணனுடைய அஞ்சலி பேனருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தே யாரோ சொன்ன ஒரு வரி. "அண்ணன் சொன்னதைப் போடுங்க" என்று கெஞ்சினேன். "டிசைன் முடிஞ்சிச்சுப்பா" என்றார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, கடையை விட்ட அன்று அவர் சொன்ன ஒரே வரி. பேனரைக் கட்டி முடித்ததும், கடையிலிருந்த பேனாவால் ஓரத்தில் அதை எழுதினேன்: "பேரை எடுத்துட்டா, யாரும் சொல்லாததா ஆயிடும்டா. பரசுராமன், என்னிடம் சொன்னது." ஒவ்வொரு எழுத்தாக எழுத அரைமணி நேரம் ஆனது.

மத்தியானம் தூறல் போட்டது. நான் எடுத்துப் போனது வெள்ளைப் பலகையில் எழுதி அழிக்கிற பேனா. அச்சடித்த வரிக்கு ஒன்றும் ஆகவில்லை.